மந்தர ஸ்தாயிக்கு ஒரு கைப்பெட்டி

பிரான்ஸ் தேசத்தின் கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங் 1982ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த ‘ஃபெத் தெ லா மியூசிக்’ என்னும் சங்கீத உற்சவம், 1954 நவம்பர் முதல் தேதியோடு பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விடுபட்ட புதுச்சேரி நகரத்திலும் ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி இன்றுவரை கொண்டாடப்பட்டு வருகிறது என்பதும், அச்சமயம் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் முதலிய ஸ்தாபனங்களின் ஆதரவில் வீதிகளிலும் முற்றங்களிலும் மேடைகள் முளைத்துவிடுகின்றன என்பதும் வாசகர்கள் பலர் அறிந்த விஷயமே. இத்தகைய மேடைக்குப் பாடகர் தம் குரலோடு மட்டும் வந்து சேருகிறார். வயலின்காரர் ஒரு பெட்டியோடு வருகிறார். பேஸ் கிடார் வாசிப்பவரோ, தோளில் வாத்தியம், ஒரு கையில் ஆம்ப்ளிஃபயர், மறுகையில் அதனினும் கனத்த ஸ்பீக்கர் பெட்டி என்று, கலைஞர் என்பதைவிடச் சுமைதாங்கி என்னும் பெயருக்கே அதிகம் பொருத்தமான கோலத்தில் வந்து நிற்கிறார். கடற்கரைச் சாலையிலோ மாலை வேளைகளில் வாகனங்கள் நுழையாதபடி தடுப்பு வைத்துவிடுகிறார்கள். ஆட்டோ குறுக்குத் தெரு முனையோடு நின்றுவிட, மிச்சத் தூரத்துக்கு அவர் கால்களே கதி. ஆகையால், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பேஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்னும் கேள்வி இந்நகரத்து இளைஞர்களிடையே அடிக்கடி எழுகிறது. அதற்கு அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளும் விடை ‘எது அதிக வாட்டோ அதை வாங்கு’ என்பது. அந்த விடை பௌதிக சாஸ்திரத்துக்குப் பொருந்துமா என்று சற்று நிதானமாக ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

பேஸ் கிடார் இசையுலகிற்குப் புதிதாய் வந்த குழந்தைகளுள் ஒன்று. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மாதிரிதான், ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைத் தூக்கி அலைந்த வித்வான்களுக்கு முதன்முதலாகப் பெரிய அளவில் விமோசனம் அளித்தது. தமிழ்நாட்டுச் செவிகளுக்கு இவ்வாத்தியத்தின் மகிமையை உணர்த்தியவர் யார் என்று கேட்டால், 1976இல் திரையிசைக்கு வந்த இளையராஜாவின் பெயரைத்தான் சொல்லவேண்டும். பல்லவியின் அடியில் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல், தனக்கென ஒரு நடையும் பேச்சும் உடையதாக அந்த மந்தர நாதத்தை அவர் பாடல்களில் அமைத்ததனாலேயே, இன்று மெல்லிசைக் குழு எதிலும் பேஸ் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று குறைகிறதென்று பாமர ரசிகரும் உணர்ந்துவிடுகிறார். ஆனால் வாத்தியம் இளைத்ததேயன்றி, அதை ஒலிக்கச் செய்யும் இயந்திரம் இளைக்கவில்லை. ஆம்பெக் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1969இல் வெளியிட்ட ‘எஸ்.வி.டி.’ என்ற புகழ்பெற்ற வால்வு ஆம்ப்ளிஃபயர், 300 வாட் சக்தியை 14 வால்வுகளைக் கொண்டு ஈன்றது. 35 கிலோவுக்கு மேற்பட்டது அதன் எடை. இது ஸ்பீக்கர் இல்லாத வெறும் தலைப்பகுதியின் எடைதான். ‘ஹெட்’ என்று கலைஞர்கள் வழங்குவது இதனையே. எட்டு ஸ்பீக்கர்கள் பொருத்திய அதன் கேபினெட் வேறு, மார்பளவு உயரத்தில், இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பீரோவைப்போல் உடன் வந்தது.

அந்த எடை முழுவதும் எங்கிருந்து வந்தது? வால்வுகள் கண்ணாடிக் குப்பிகளே. அவற்றுக்குப் பெரிய கனம் இல்லை. கனம் யாவும் இரும்பில் இருந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நம் தேசத்தில் விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது; அதனை வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் உரிய காந்தப் பாய்வைத் தன் இரும்பு உள்ளகத்தில் தாங்கியாகவேண்டும். 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று என்பது 10 மில்லி விநாடி. மின்னியல் கணக்கில் இது நெடுநேரம். அவ்வளவு நேரம் காந்தம் ஏறிக்கொண்டே போனால், இரும்பு ஒரு கட்டத்தில் ‘இனிமேல் தாங்கேன்’ என்று தெவிட்டிப்போகிறது. தெவிட்டாதிருக்க வேண்டுமாயின் இரும்பைப் பெருக்கவேண்டும், செப்புக் கம்பியைப் பெருக்கவேண்டும். இதே வேலையை விநாடிக்கு ஒரு லட்சம் சுற்றுகளாகத் திசை மாறும் மின்சாரத்தைக் கொண்டு செய்தால், அரைச் சுற்று 5 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். தாங்கவேண்டிய காந்தப் பாய்வு அற்பம். இரும்புக்குப் பதிலாக ஃபெரைட் என்னும் பீங்கான் போன்ற பொருளாலான, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வளையமே போதும். சுவர் மின்சாரத்தை முதலில் நேர் மின்னோட்டமாக்கி, பிறகு அதனை அதிவேகமாகத் துண்டித்துத் துண்டித்து அனுப்பும் இம்முறையைத்தான் ‘சுவிட்ச் மோட் பவர் சப்ளை’ என்கிறார்கள். நம் கைபேசியின் சார்ஜருக்குள் இருப்பதும் இதன் தம்பியே.

இரும்பு ஒரு சுமையென்றால், உஷ்ணம் இன்னொரு சுமை. பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில், கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டர்கள் முழுவதும் திறந்தும் இராமல், முழுவதும் மூடியும் இராமல், நாதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் பாதி திறந்த நிலையிலேயே பெரும்பாலும் நின்றன. அந்நிலையில் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி அவற்றின் மேலேயே விழுந்து, வீணாக உஷ்ணமாகியது. ‘பி’ வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆம்ப்ளிஃபயர், சித்தாந்தப்படி எட்டக்கூடிய உச்சத் திறனே 78.5 சதவிகிதம்தான், அதுவும் முழுச் சக்தியில் ஓடும்போது மட்டுமே. இசை ஒருபோதும் முழுச் சக்தியில் தொடர்ந்து ஓடுவதில்லையாகையால், நடைமுறையில் பாதிக்கு மேல் உஷ்ணமாகக் கழிந்துவிடும். அந்த உஷ்ணத்தைப் போக்க அலுமினியப் பாளங்கள் தேவைப்பட்டன. பாளங்களுக்கு எடை உண்டு. ‘டி’ வகுப்பு என்னும் புதிய மார்க்கமோ டிரான்சிஸ்டரை வெறும் சுவிட்சாக ஆக்கிவிடுகிறது. முழுவதும் மூடியிருந்தால் மின்னோட்டம் இல்லை. முழுவதும் திறந்திருந்தால் அதன் மேல் விழும் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. சக்தி நஷ்டம் என்பது இவ்விரண்டின் பெருக்கற்பலனாதலால், எந்த நிலையிலும் நஷ்டம் சொற்பமே. விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் நாதத்தின் உருவத்தைச் சமைத்து, இறுதியில் ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்டு அந்தத் துடிப்புகளைச் சமப்படுத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். நம் வீடுகளில் முன்பு இருந்த பெரிய ஃபேன் ரெகுலேட்டர், தொட்டால் சுடுமளவுக்குக் கொதித்ததும், இப்போதைய சிறிய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் குளிர்ச்சியாகவே இருப்பதும் ஏன் என்று யோசிப்பவர்க்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும். இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் 1964இலேயே இவ்வகை ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உதிரிப் பாகங்களாக விற்றுப் பார்த்தார். அக்காலத்து டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு வேகமாகத் திறந்து மூட அறியாதிருந்தமையால் அந்த முயற்சி பரிதாபமாக முடிந்தது. அவை வேகம் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு தலைமுறை சென்றது.

அதன் விளைவை இன்று எந்த இசைக்கருவிக் கடையிலும் காணலாம். அமெரிக்காவின் அகிலார் கம்பெனி செய்யும் ‘டோன் ஹாமர் 500’ என்னும் ஹெட், 4 ஓம் பளுவில் 500 வாட் தருகிறது. எடை 2 கிலோவுக்கும் குறைவு. டிரேஸ் எலியட் கம்பெனியின் ‘எல்ஃப்’ என்பதோ 200 வாட் திறனுடையதாயிருந்தும், ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை விட இலேசானது. இத்தாலிய மார்க்பாஸ் கம்பெனியின் ‘லிட்டில் மார்க்’ வரிசையும் 3 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. கிடார்ப் பையின் முன் அறையிலேயே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விடலாம். இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்துவிட்ட இந்தச் சக்தியைக் கண்டுதான், 800 வாட் வாங்கலாமா, 1000 வாட் வாங்கலாமா என்று இளைஞர்கள் மயங்குகிறார்கள்.

மயக்கத்துக்குக் காரணம், ஆம்ப்ளிஃபயர் இளைத்ததுபோல் காற்றும் இளைத்துவிட்டதென்று எண்ணிவிடுவதே. காற்று இளைக்கவில்லை. நான்கு தந்தி பேஸ் கிடாரின் தடித்த ‘ஈ’ தந்தி விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்வதால், அந்த ஸ்வரத்தின் அலைநீளம் எட்டரை மீட்டர். சாதாரண வீட்டுக் கூடத்தைவிட நீளமான அலை அது. மேலும், மனிதச் செவி மந்தர ஸ்தாயிக்குச் சற்று மந்தமாகவே படைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933இல் வெளியிட்ட புகழ்பெற்ற அளவீடுகளைத் திருத்தி வந்த பிற்கால அளவீடுகள் காட்டுவது யாதெனில், 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவில் கேட்கும் ஒரு மெல்லிய ஒலிக்குச் சமமாக 40 ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமாயின், அங்கே 80 டெசிபலுக்கு மேல் ஒலியழுத்தம் வேண்டும் என்பதே. 10 டெசிபல் கூட்டுவதற்கே பத்து மடங்கு சக்தி தேவையென்பதை நினைத்தால், 40 டெசிபல் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு என்று புலப்படும். கிடார் வாசிப்பவர் 20 வாட்டில் மேடையை நிரப்பும்போது பேஸ் வாசிப்பவர் நூற்றுக்கணக்கான வாட்டைத் தேடுவது ஆடம்பரத்தால் அன்று.

ஆனால் வாட் மட்டும் இருந்தால் போதாது. காற்றை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசையவேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. அதனை ஒருமுறையேனும் போட்டுப் பார்த்தவர் வாட் எண்ணைக் கண்டு மயங்கமாட்டார். தரையில் வைத்த ஒரு மூடிய பெட்டியில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு மீட்டர் தொலைவில் 41 ஹெர்ட்ஸில் 100 டெசிபல் எழுப்பவேண்டுமானால், அதன் கூம்பு நடுநிலையிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் செல்லவேண்டும். அதே அளவு சப்தம் ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில், வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் போதும். ஏனெனில் அதிர்வெண் பாதியாகும்போது கூம்பின் நகர்வு நான்கு மடங்காகவேண்டும் என்பது விதி. 8 அங்குல ஸ்பீக்கராக இருந்தால், முதலில் சொன்ன 4 மில்லிமீட்டர் 10 மில்லிமீட்டராகிவிடும். அவ்வளவு தூரம் ஒழுங்காகச் செல்லக்கூடிய சிறு ஸ்பீக்கர்கள் சிலவே. கூம்பு தன் எல்லையை எட்டிய பிறகு, பின்னால் 300 வாட் இருந்தாலென்ன, 1000 வாட் இருந்தாலென்ன? மிச்சச் சக்தி சுருளைச் சூடாக்கும். ஒருநாள் எரித்தும் விடும். பெட்டியில் துளையிட்டுக் காற்றையே துணைக்கு அழைக்கும் அமைப்புகள் இந்தச் சிரமத்தைச் சற்றுக் குறைக்கின்றனவேயன்றி விதியை மாற்றுவதில்லை. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த சக்தியில் நிறைந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெறமுடியும் என்று, ஹோஃப்மன் என்னும் ஒலியியல் அறிஞரின் பெயரால் வழங்கும் விதி கண்டிப்பாகச் சொல்கிறது. அதற்கு விலக்கு உண்டென்று சொல்கிற விற்பனையாளரை நம்பவேண்டாம்.

இங்கே கேள்வி ஒன்று எழக்கூடும். பெரும்பாலான சிறு கேபினெட்டுகள் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடுகின்றன என்றால், அவற்றில் ‘ஈ’ தந்தி எப்படிக் கேட்கிறது? செவி செய்யும் மாயம் அது. தந்தி அதிரும்போது 41 ஹெர்ட்ஸ் மட்டும் எழுவதில்லை. 82, 124, 165 என்று அதன் அநுஸ்வரங்களும் உடன் எழுகின்றன. இவற்றுக்கிடையே உள்ள சமமான இடைவெளியிலிருந்து நம் மூளை காணாமற்போன அடிநாதத்தைத் தானே கற்பித்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே, ஹெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வெட்டிவிடும் ‘ஹை பாஸ் ஃபில்டர்’ அதில் உண்டா என்று கேட்பது, வாட் எத்தனை என்று கேட்பதைவிடப் பிரயோஜனமானது. காதுக்குக் கேளாமலே கூம்பை வீணாக ஆட்டிவைக்கும் அதிர்வுகள் விலகினால், கேட்கவேண்டியது தெளிவாகக் கேட்கும்.

இனி ஓம் கணக்கு. 4 ஓம் பளுவில் 500 வாட் என்று ஒரு ஹெட் சொல்கிறதென்றால், அது ஏறக்குறைய 45 வோல்ட் அழுத்தத்தில் 11 ஆம்பியர் செலுத்தவல்லது என்று பொருள். 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால், அதே 45 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகி, கிடைப்பது 250 வாட்டே. 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாக மாட்டினால் பளு 4 ஓம் ஆகி, முழுச் சக்தி வெளிவருகிறது. 4 ஓம் கேபினெட் இரண்டை மாட்டுவாராயின் பளு 2 ஓமாகி, பெரும்பாலான சிறு ஹெட்டுகள் ஒன்று தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும், இல்லையேல் பழுதாகும். ஆகையால் முதற் கேபினெட்டை 8 ஓமாக வாங்குவதே விவேகம்; பின்னால் இன்னொன்று சேர்க்க வழி இருக்கும். அப்படிச் சேர்ப்பதனால் விளையும் லாபத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: சக்தி இரட்டிப்பதால் 3 டெசிபல், காற்றைத் தள்ளும் பரப்பு இரட்டிப்பதால் மந்தர ஸ்தாயியில் இன்னும் 3 டெசிபல், ஆக 6. மாறாக, கேபினெட்டை மாற்றாமல் 300 வாட் ஹெட்டை விற்று 800 வாட் ஹெட் வாங்கினால் கிடைப்பது 4 டெசிபல் சொச்சம். அதுவும் கூம்பு இடம் கொடுத்தால். கேபினெட்டின் எடையும் இப்போது முன்போல் இல்லை. ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியக் காந்தம், ஸ்பீக்கரின் முதுகிலிருந்த கனத்த ஃபெரைட் வட்டையை விலக்கிவிட்டதால், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட கேபினெட்டை ஒரு கையாலேயே தூக்க முடிகிறது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். புதுச்சேரிக்கென்று சில விசேஷங்கள் உள. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பழைய பிரெஞ்சு வீடுகளையும், மேற்கே உள்ள பழைய தமிழ் வீடுகளையும் நோக்குக. உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, கல் தரை. திரையோ விரிப்போ சொற்பம். 4 மீட்டர் உயரக் கூரை ஒன்றின் கீழ் ஒலியலை தரைக்கும் கூரைக்கும் இடையே தன்னைத்தானே பலப்படுத்திக்கொள்ளும் முதல் அதிர்வெண், 349ஐ 8ஆல் வகுத்தால் வருகிற 43.6 ஹெர்ட்ஸ். ‘ஈ’ தந்தியின் முதற்கட்டில் விரல் வைத்தால் எழும் ‘எஃப்’ ஸ்வரமும் 43.65 ஹெர்ட்ஸே. அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீடே அதிரும்படி முழங்க, அதன் அண்டை ஸ்வரங்கள் சாதுவாக ஒலிப்பதைக் கேட்டு, வாத்தியத்தில் கோளாறு என்று நினைத்து மாற்றியவர்களும் உண்டு! இதற்குப் பரிகாரம் பெரிய ஆம்ப்ளிஃபயர் அன்று. முழங்கும் அதிர்வெண்ணை மட்டும் குறைக்கக்கூடிய ஈக்வலைசரே. ஹெட்டில் வெறும் ‘பேஸ், டிரெபிள்’ என்னும் இரண்டு திருகிகள் மட்டும் இருப்பதைவிட, நடுப்பகுதியைப் பிரித்தாளும் இரண்டு திருகிகளேனும் கூடுதலாக இருப்பது இத்தகைய கூடங்களில் மிகவும் உதவும்.

வீதி மேடையின் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை. தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். கடலலையின் இரைச்சல் வேறு. அவ்விடத்தில் சபையோர் அனைவருக்கும் என் கேபினெட்டிலிருந்தே ஒலி வழங்குவேன் என்று பேஸ் கலைஞர் பிடிவாதம் செய்வது வீண். மைக் செட்காரர் தம் பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளோடு வந்திருக்கிறார். ஹெட்டின் பின்னால் உள்ள ‘டி.ஐ.’ என்னும் வெளிவாயிலிலிருந்து ஒரு கம்பியை அவருடைய மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால், தெருவுக்கு அவர் பொறுப்பு. ஹெட்டும் கேபினெட்டும் வாசிப்பவரின் காதுக்கும், பக்கத்தில் நிற்கும் டிரம்ஸ்காரரின் காதுக்கும் எட்டினால் போதும். அதற்கு 200 அல்லது 300 வாட் தாராளம். என் அபிப்பிராயத்தில், இந்நகரத்து மேடைகளில் பத்தில் ஒன்பதில், நல்ல டி.ஐ. வாயில் ஒன்று 500 வாட்டை விட மதிப்புள்ளது. மாதா கோவில் பாடகர் குழுவோடு வாசிப்பவர்க்கும் இதுவே பொருந்தும்.

அண்டை வீட்டாரையும் மறக்கலாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்திருக்கின்றன. ஆனால் அந்த அளவீட்டுக்குக் கொள்ளும் ‘ஏ’ நிறை என்னும் முறை, 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே கணக்கிடுகிறது. மீட்டர் குற்றமற்றவர் என்று சொல்லும் பேஸ் கலைஞர், அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடிகளைக் கிடுகிடுக்கச் செய்துகொண்டிருக்கலாம். சட்டம் விடுவித்தாலும் பக்கத்து வீட்டு அம்மாள் விடுவிக்கமாட்டார்.

மின்சாரத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஹெட் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாயின், நம் 230 வோல்ட்டில் மாட்டிய அக்கணமே அதன் ஆயுள் முடிந்துவிடும். பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தே வாங்கவேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் பிளக் பாயிண்டுக்கு எர்த் இணைப்பு இருப்பதில்லை. அதனால் எழும் ‘ஹம்’ என்னும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். வேடிக்கை என்னவென்றால், பேஸ் கிடாரின் தாழ்ந்த ‘ஜி’ ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், ரீங்காரத்தோடு அது உரசி, விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலைவு ஒன்று கேட்கும். சுருதி விலகிய இரண்டு தம்பூராக்களுக்கிடையே தோன்றும் அதே அலைவுதான். மின்சார நிலையமே நமக்குச் சற்றுச் சுருதி பிசகிய ‘ஜி’ போட்டுக்கொண்டிருக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம்! இதற்கு மாறாக, ஹெட்டும் மிக்ஸரும் இரு வழியாக எர்த்தோடு இணைவதால் எழும் இன்னொரு வகை ரீங்காரத்தைப் போக்குவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் சில மேடைகளில் உண்டு. அது உயிருக்கு உலை வைப்பது. தந்திகளைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு படப் பாடுகிறவர்க்கு அதைவிட ஆபத்து வேறில்லை. டி.ஐ. வாயிலின் அருகே ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்ற சிறு சுவிட்ச் இருப்பது இந்த ரீங்காரத்துக்காகவே. அது மிக்ஸருக்குச் செல்லும் கம்பியின் இணைப்பை மட்டும் விலக்குமேயன்றி எர்த்தைத் தொடாது.

எல்லாவற்றினும் மேலாக, இவ்வூரில் இலேசான ஹெட்டுகளுக்கு ஒரு மறைமுகச் சத்துரு உண்டு: கடற்காற்று. ‘டி’ வகுப்பு ஹெட்டுகளில் உஷ்ணம் குறைவென்றாலும், பெட்டி சிறிதாகையால் பலவற்றில் ஒரு விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரையில் அந்த விசிறி உள்ளே இழுப்பது காற்றை மட்டுமன்று, காற்றில் மிதக்கும் உப்புத் துகளையும்தான். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும் ஸ்வபாவமுடையது. புதுச்சேரியின் இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பழைய வால்வுப் பெட்டியில் ஒரு விரற்கடை இடைவெளிவிட்டு நின்ற பாகங்கள், இந்தப் புதிய பெட்டியில் மில்லிமீட்டரிலும் குறைந்த இடைவெளியில் நெருங்கி நிற்பதால், ஒரு துளி உப்பீரம் செய்யக்கூடிய தீங்கு அதிகம். குளிர்சாதன அறையில் 23 டிகிரியில் இருந்த ஹெட்டை, 30 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரமும் உள்ள வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால், அக்காற்றின் பனிநிலை 26 டிகிரியாதலால், உலோகத்தின் மேல் உடனே நீர் பூக்கும். ஆகையால் பையைத் திறவாமல் அரைமணி நேரம் வைத்திருந்து, வெளி வெப்பத்துக்குப் பழகிய பிறகே சுவிட்சைப் போடவேண்டும். நிகழ்ச்சி முடிந்த பின் உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பையில் வைப்பது அவசியம். விசிறியே இல்லாமல் பெட்டியின் உலோக உடலாலேயே உஷ்ணத்தைப் போக்கும் மாதிரி கிடைக்குமாயின், கடற்கரையில் குடியிருப்பவர் அதற்குச் சற்று அதிக விலை கொடுத்தாலும் தகும்.

பழுது வந்தால் என்ன செய்வது என்பதும் சிந்திக்கத்தக்கது. வால்வு ரேடியோ பழுது பார்த்த தலைமுறையின் மெக்கானிக்குகள் பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, எரிந்த பாகத்தைக் கண்ணாலே கண்டு, சால்டரிங் இரும்பால் மாற்றிவிடுவார்கள். இன்றைய ஹெட்டின் சக்திப் பகுதி ஒரே பலகையாக வருகிறது, கெட்டால் பலகையையே மாற்றவேண்டும். அந்தப் பலகையைத் தருவித்துக் கொடுக்கும் ஏஜெண்டு சென்னையில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுக்கவேண்டும். அப்படி ஒருவர் இல்லாத கம்பெனியின் ஹெட் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அதனை வாங்காதிருப்பதே உத்தமம்.

ஆகவே புதுச்சேரியில் வசிக்கும் பேஸ் கலைஞருக்கு என் யோசனை இது: முதலில் 12 அங்குல நியோடிமிய ஸ்பீக்கர் கொண்ட 8 ஓம் கேபினெட் ஒன்றைத் தேர்ந்து, அதற்குப் பின்னரே, 4 ஓமில் 300 முதல் 500 வாட் வரை தரும், ஹை பாஸ் ஃபில்டரும் நல்ல டி.ஐ. வாயிலும் உடைய ஹெட்டைத் தேடுங்கள். கடைக்குப் போகும்போது சொந்தக் கிடாரையும் சொந்தக் கேபினெட்டையும் எடுத்துச் சென்று, அவற்றிலேயே வாசித்துப் பாருங்கள். கடைக்காரரின் பெரிய கேபினெட்டில் எந்த ஹெட்டும் நன்றாகத்தான் ஒலிக்கும். அதற்கு மேல் கையில் பணம் மிஞ்சினால், அதை 800 வாட் ஹெட்டில் போடாதீர்கள். இரண்டாவது கேபினெட் ஒன்று வாங்குங்கள்.